ஆசிட் சாடியில் வந்த தண்ணீர்

நாங்கள் மனிதர்களின் ரத்தத்தில் பூச்சி தேடிக்கொண்டிருந்தோம். அவர் டாக்டர் துரையின் நாய்க் காதில் பூச்சி தேடினார். பதவி உயர்வு அவருக்குத்தான் கிடைத்தது. இதைச் சொன்னால் வயிற்றெரிச்சல் பிடித்தவன் என்பார்கள். அன்றைக்கும் அப்படித்தான் சொன்னார்கள். வயிற்றெரிச்சல் இருந்தது உண்மைதான். அதற்காக நான் கண்ணால் பார்த்தது பொய்யாகிவிடாது.

மலாயாவின் ஜொகூரில், குளுவாங்கிலிருந்து பாலோவுக்குப் போகும் சாலையோரத்தில் இருந்தது எங்கள் ஆய்வுக்கூடம். அந்தப் பெயரை யாரும் சொன்னதில்லை. எல்லாருக்கும் அது கொசு ஆபீஸ். ரப்பரை நாங்கள் கித்தா என்போம். சுற்றியிருந்த கித்தாத் தோட்டங்கள் சில ஒன்றுசேர்ந்து, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் அதை நடத்திவந்தன. காட்டை வெட்டிக் கித்தாக் கன்று நட்ட இடத்திலெல்லாம் குளிர்காய்ச்சல் ஆளை வாரிக்கொண்டு போன காலம் அது. ஓடைகளில் கொசு முட்டையிடாமல் எண்ணெய் தெளிக்க ஒரு கூட்டம், பள்ளங்களில் குழாய் பதிக்க ஒரு கூட்டம், காய்ச்சல் குறைந்ததா கூடியதா என்று ரத்தத்தைப் பார்த்துச் சொல்ல நாங்கள். எல்லாருக்கும் மேலே ஒரு வெள்ளைக்கார டாக்டர்.

எங்கள் வேலை இதுதான். தோட்டத்து மருந்தறையைப் பார்த்துக்கொண்ட டிரஸ்ஸர்கள் காய்ச்சல்காரர்களின் விரலில் ஊசியால் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடிச் சில்லில் தேய்த்து அனுப்புவார்கள். நாங்கள் அதன்மேல் சாயம் ஊற்றி, தண்ணீர் கலந்து, கழுவிக் காயவைத்து, மைக்ராஸ்கோப்பில் பார்ப்போம். சாயம் சரியாகப் பிடித்திருந்தால் ரத்த அணுவுக்குள் ஒரு சின்ன நீல வளையமும் அதில் ஒரு சிவப்புப் புள்ளியும் தெரியும், கெம்புக்கல் வைத்த மோதிரம் மாதிரி. அதுதான் மலேரியாக் கிருமி. கண்ணில் பட்டால் சீட்டில் ‘கிருமி உண்டு’ என்று எழுதுவோம். இல்லாவிட்டால் ‘சுத்தம்’. தலைமை உதவியாளர் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தியதும் சீட்டு தோட்டத்துக்குப் போகும். சாயம் போடாத சில்லை எறும்பு நக்கித் தீர்த்துவிடும். அதனால் சில்லுப் பெட்டி இருந்த மேசையின் நான்கு கால்களையும் மண்ணெண்ணெய்க் கிண்ணங்களுக்குள் நிறுத்தியிருந்தோம். எறும்புக்கு இவ்வளவு பயந்த ஆபீஸ் அது.

டாக்டரைக் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். வந்த புதிதில் எங்கள் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொன்றாகக் காட்டிக் கொடுத்தவர் அவர்தான். “தண்ணீர்தான் முக்கியம். அதில் கொஞ்சம் புளிப்பு ஏறினாலும் கிருமி உன் கண் முன்னாலேயே ஒளிந்துகொள்ளும்” என்று அவர் சொன்னது எங்கள் எல்லாருக்கும் மனப்பாடம். அதற்காகவே ஒரு செம்பு வாலை அடுப்பை வாங்கி வைத்தார். நாள் முழுக்க அது உறுமிக்கொண்டே இருக்கும். ஆவியான தண்ணீர் குளிர்ந்து சொட்டுச் சொட்டாகப் புட்டியில் விழும். சாயத்துக்கு அந்தத் தண்ணீர் மட்டும்தான்.

நாய்க்காரர் எனக்குப் பின்னால் வேலைக்கு வந்தவர். சிங்கப்பூரில் படித்தவர், நல்ல இங்கிலீஷ், எப்போதும் கஞ்சி போட்டுத் தேய்த்த சட்டை. வந்தபோது சில்லில் ரத்தத்தைச் சீராக இழுக்கக்கூட வராது; நான்தான் கையைப் பிடித்துக் காட்டினேன். அவர் என்னை ‘அண்ணே’ என்பார், நான் ‘தம்பி’ என்பேன். அதுவரைக்கும் எந்தக் குறையும் இல்லை.

டாக்டரிடம் உயர்ந்த சாதி நாய் ஒன்று இருந்தது. இந்த ஊர்ப் புழுக்கம் அதற்கு ஒத்துக்கொள்ளாமல் உடம்பெல்லாம் உண்ணி பிடித்துக் கிடந்தது. மாலையில் நாங்கள் சில்லுகளைக் கழுவிக்கொண்டிருக்கும்போது தம்பி பங்களா வராந்தாவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அதன் காதை மடக்கி உண்ணி பொறுக்குவார். பொறுக்கியதைக் குப்பியில் போட்டுவைத்து மறுநாள் மைக்ராஸ்கோப்பில் டாக்டருக்குக் காட்டுவார். டாக்டர் சின்னப் பிள்ளை மாதிரி குதூகலிப்பார். நாயில் தொடங்கியது துப்பாக்கிக்கு எண்ணெய் போடுவதில் வளர்ந்து, ஞாயிற்றுக்கிழமை வேட்டைக்குக் கூடப் போவதில் முடிந்தது. வேட்டைக்குப் போகிறவர்கள் வழியில் ஆபீஸ் கதையையும் பேசுவார்கள் என்று எங்களில் ஒருவனுக்கும் அப்போது தோன்றவில்லை.

பழைய தலைமை உதவியாளர் ஊருக்குக் கப்பலேறியபோது அந்த இடம் எனக்குத்தான் என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் நம்பித் தொலைத்தேன். வீட்டில் என் மனைவி பாயசமே வைத்துவிட்டாள். காலையில் டாக்டர் எங்களை நிற்கவைத்து, தம்பியின் தோளில் கைபோட்டு, “இனி இவர் சொல்வதுதான் நான் சொல்வது” என்றார். எனக்கு மூக்கின் மேல் கோபம். நேராக அவர் அறைக்குப் போய், “நாய்க்கு உண்ணி எடுக்கக் கற்றுக்கொள்ளாதது என் தப்புத்தான்” என்று சொல்லிவிட்டேன். டாக்டரின் கழுத்து சிவந்தது. அந்தப் பேச்சை அவர் மறக்கவே இல்லை. மறுநாளிலிருந்து தம்பியை நான் ‘சார்’ என்று கூப்பிடவேண்டியிருந்தது. அவர் மட்டும் என்னை ‘அண்ணே’ என்றே கூப்பிட்டார். அது மரியாதையா கேலியா என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

இனி என் கொழுந்தியாளைப் பற்றிச் சொல்லவேண்டும், ஏனென்றால் இந்தக் கதையில் பாடுபட்டவள் அவள்தான். என் மனைவியின் தங்கை. பக்கத்துத் தோட்டத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீடான லயத்தில் இருந்தாள். அவளும் புருஷனும் பால்மரம் வெட்டினார்கள், அதாவது கித்தா மரத்தைக் கீறிப் பால் எடுத்தார்கள். கல்யாணமாகி ஆறு வருஷம் பிள்ளை இல்லை. லயத்துப் பெண்கள் வாய்க்குப் பயந்து வளைகாப்புக்கே போகமாட்டாள். அப்படிப்பட்டவள் ஒரு நாள் எங்கள் வீட்டுக்கு வந்து, அடுப்படியில் என் மனைவியின் காதில் ஏதோ சொன்னாள். இரண்டு பேரும் சேர்ந்து அழுதார்கள். யார் செத்தார்கள் என்று நான் பதறி எழுந்தேன். அவள் முழுகாமல் இருக்கிறாள் என்று பிறகுதான் தெரிந்தது.

தோட்டத்தில் தினமும் காலைப் பெரட்டில், ஆள் கணக்கு எடுக்கும்போது, எல்லாருக்கும் மலேரியாவுக்கான கொய்னா மாத்திரை கொடுத்து விழுங்கவைப்பார்கள். பிள்ளைத்தாய்ச்சிகள் மட்டும் அதை நாக்குக்கு அடியில் ஒதுக்கிவைத்து, கங்காணி தலை மறைந்ததும் துப்பிவிடுவார்கள். கொய்னா கருவைக் கலைக்கும் என்பது லயத்துப் பெண்களின் உறுதியான எண்ணம். வேண்டாத கருவை அப்படிக் கலைத்தவர்களும் இருந்தார்கள். அதனால் வெறும் பிதற்றல் என்று தள்ளவும் முடியாது. ஆனால் மலேரியா வந்து அதைச் சும்மா விட்டால் அதுவே கருவைத் தின்றுவிடும். இது டாக்டர் எங்களுக்குச் சொன்னது. நான் கொழுந்தியாளை உட்காரவைத்து இரண்டையும் விளக்கினேன்.

“தினக் கொய்னாவை நீ துப்பினாலும் நான் ஒண்ணும் சொல்லல. ஆனா காய்ச்சல் வந்தா ரத்தம் குடு. எங்க ஆபீஸ் சீட்டுல கிருமி உண்டுன்னு வந்தா, யார் என்ன சொன்னாலும் கொய்னா தின்னணும். சுத்தம்னு வந்தா தொடவேணாம்” என்றேன்.

“சீட்டு தப்பா வராதா அத்தான்?” என்று கேட்டாள்.

“எங்க ஆபீஸ் சீட்டா? வராது” என்றேன்.

அவள் என் கையைப் பிடித்து அதன்மேல் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள். என் மனைவி சிரித்தாள்.

சரியாக அந்தச் சமயத்தில்தான் ஆபீசில் சிக்கனம் புகுந்தது. வாலை அடுப்பு மண்ணெண்ணெய் குடிப்பதை, எங்கள் செலவைப் பார்க்கும் தோட்டக் கமிட்டி குறையாகச் சொல்லியிருந்தது. டாக்டர் முகம் வாடியதைப் பார்த்த எங்கள் புதிய தலைமை மறுநாளே வழி கண்டுபிடித்துவிட்டார். பக்கத்துத் தோட்டத்து ஸ்டோர், அதாவது கித்தாப் பாலை உறையவைத்து ஷீட் போடுகிற கொட்டகை, பெரிய தகரக் கூரை போட்டது. அதில் விழும் மழைத் தண்ணீர் பளிங்கு மாதிரி இருக்கும். அதைப் பிடித்து அனுப்ப அந்தத் தோட்டத்துத் துரையும் ஒப்புக்கொண்டார். எதில் பிடித்து அனுப்புவது? ஸ்டோரில் ஆசிட் சாடிகள் காலியாகிக்கொண்டே இருந்தனவே!

அந்தச் சாடிகளைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். ஒரு ஆள் கட்டிப்பிடிக்கும் பருமனில் பச்சைக் கண்ணாடி, வெளியே பிரம்புக் கூடை. பாலை உறையவைக்கும் ஆசிட் அதில்தான் சீமையிலிருந்து வரும். காலிச் சாடி ஒன்று கிடைத்தால் தோட்டக் கணக்கெழுதும் கிராணிமார் வீட்டில் கூடத்தில் வைத்து அழகு பார்ப்பார்கள். கல்யாணச் சீராகக்கூடக் கொடுத்ததுண்டு. குடிதண்ணீர், ஊறுகாய், விளக்கெண்ணெய், எது வேண்டுமானாலும் அதில்தான். ஒருமுறை அலசினால் போதும் என்பது கித்தா நாட்டுப் பழக்கம். தண்ணீர் லேசாகப் புளித்த காடி வாசம் அடித்தாலும் யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள். ஷீட்டும் கையும் சோறும் அதே வாசம் அடிக்கிற ஊரில் எதை என்று சுளிப்பது? எங்கள் ஆபீசில் எடுபிடி வேலை பார்த்த பக்கத்துக் கிராமத்து மலாய்க்காரர் முதல் சாடியைத் தூக்கி வந்து இறக்கி, “அலமாக், கனம் லா!” என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டார். தலைமை அதைத் தட்டிப் பார்த்து, “அழகா இருக்குல்ல?” என்றார். வாலை அடுப்பு அணைந்தது. டாக்டர் அவர் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

“சார், சாடியில வாசம் போகலியே” என்று நான் சொல்லத்தான் சொன்னேன்.

“மூணு தடவை அலசச் சொல்லிருக்கேன் அண்ணே” என்றார். மூன்று தடவை அலசினார்களா என்று அவர் ஸ்டோருக்குப் போய்ப் பார்த்ததில்லை. டாக்டர் எங்கள் பக்கம் ஸ்டூல் போட்டு உட்கார்வதை எப்போதோ நிறுத்திவிட்டார். தலைமை வைத்த இடத்தில் கையெழுத்துப் போடுவதும், சுவரில் மாட்டிய காய்ச்சல் கணக்கு வரைபடத்தில் சிவப்புக் கோட்டை நீட்டுவதும்தான் அவர் வேலையாகிவிட்டது.

கோடு இறங்கத் தொடங்கியது. அதுவரை பெட்டிக்குப் பெட்டி கண்ணில் பட்டுக்கொண்டிருந்த மோதிரங்கள் காணாமல் போயின. சில்லெல்லாம் ரோஸ் சர்பத் மாதிரி ஒரே இளஞ்சிவப்பு. டாக்டர் தாம் பதித்த குழாய்களும் தெளித்த எண்ணெயும் வேலை செய்கின்றன என்று பூரித்துப்போனார். தோட்டங்களுக்கும் ஏக சந்தோஷம். காய்ச்சல்தான் ஒழிந்ததே, கொய்னா எதற்கு என்று காலைப் பெரட்டில் மாத்திரை கொடுப்பதை நிறுத்தச் சொன்னார்கள். டாக்டரும் சரி என்றார். ஆனால் லயங்களில் ஆட்கள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வெயிலில் உட்கார்ந்திருந்தார்கள். கையில் ‘சுத்தம்’ என்ற சீட்டு இருந்ததால் சோம்பேறிகள் என்று பெயர் வாங்கிக்கொண்டு, நடுங்கும் கையோடு மரம் வெட்டப் போனார்கள்.

வயிற்றுப் பிள்ளைக்கு ஆறு மாசம் தாண்டியபோது என் கொழுந்தியாளுக்குக் குளிர் வந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள், கடிகாரம் வைத்தாற்போல. நான் சொன்னபடியே அவள் ரத்தம் கொடுத்தாள். ‘சுத்தம்’ என்று சீட்டு வந்தது. மறுபடி கொடுத்தாள். மறுபடியும் ‘சுத்தம்’. இரண்டாவது சில்லை நானே பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. ஆனால் எதுவுமே சரியாகத் தெரியாத சில்லு அது. வெள்ளை அணுவின் நடுப்பகுதி கருநீலமாக இருக்கவேண்டும்; அதுவே வெளுத்துப்போயிருந்தது. அப்போதுதான் சாடியின் காடி வாசமும் டாக்டர் சொன்ன புளிப்பும் ஒன்றாக ஞாபகம் வந்தன.

அன்று மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போயிருந்த நேரம், நல்ல மழை. டிரஸ்ஸர் அவள் ரத்தத்தில் இரண்டு சில்லு தேய்த்து அனுப்பியிருந்தார். ஒன்றில் இன்னும் சாயம் போடவில்லை. எனாமல் கோப்பையை நன்றாகத் தேய்த்துக் கழுவி, கூரை படாமல் வெட்டவெளியில் கையை நீட்டி மழையைப் பிடித்தேன். அந்தத் தண்ணீரில் சாயம் கலந்து ஊற்றினேன். காய்ந்ததும் லென்சைத் திருகினேன். முதல் பார்வையிலேயே மூன்று மோதிரம் தெரிந்தது. நகர்த்தினால் இன்னும் தெரிந்தது. கெம்புக்கல் வைத்த நீல மோதிரங்கள், அவள் ரத்தம் முழுக்க.

தலைமை சாப்பிட்டுவிட்டு வந்ததும் அவரை லென்சின் முன் உட்காரவைத்தேன். பார்த்தார். நிமிரவே இல்லை. நிமிர்ந்தபோது முகத்தில் ரத்தமில்லை.

“எந்தத் தண்ணி அண்ணே?”

“மழைத்தண்ணி. சாடியில விழாதது.”

அவருக்கு நான் விளக்கவேண்டியிருக்கவில்லை. படித்தவர், புரிந்துகொண்டார். கதவைச் சாத்திவிட்டு வந்து என் பக்கத்தில் நின்றார். “வெள்ளிக்கிழமை கமிட்டித் துரைமார் வாராங்க அண்ணே. வரைபடத்தப் பார்க்கத்தான் வாராங்க. அது முடியட்டும். அப்பறம் மெதுவா தண்ணிய மாத்திடுறேன். யாருக்கும் தெரியவேணாம்.”

“தண்ணிய எப்ப வேணும்னாலும் மாத்திக்குங்க சார். இந்த ஒரு சீட்ட இப்ப எழுதிக் கையெழுத்துப் போடுங்க. அது என் கொழுந்தியா. வயித்துல பிள்ளை.”

அவர் பேனாவைக்கூட எடுத்தார். எடுத்து, வைத்துவிட்டார். “ரெண்டு தடவை சுத்தம்னு போட்டு, மூணாவது தடவை உண்டுன்னு போட்டா டாக்டர் கேப்பாரு. ஒண்ணு தப்புன்னா எல்லாத்தையும் கேப்பாரு” என்றார். கெட்டவராக இருந்திருந்தால் நான் நிம்மதியாக வெறுத்திருப்பேன். அவர் பயந்தவர், அவ்வளவுதான். பயந்தவரைத் தலைவராக்கி வைத்தால் அவருடைய பயத்தையும் சேர்த்து நாம்தான் சுமக்கவேண்டும்.

சில்லைக் கையில் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போனேன். அவர் அதை வாங்கக்கூட இல்லை. “இது உன் தலைமை உதவியாளர் மூலமாக வந்ததா?” என்று கேட்டார். இல்லை என்றேன். “அப்படியானால் அவர் மூலமாகக் கொண்டு வா. அவர் பார்த்த நூற்றுக்கணக்கான சில்லுக்கு எதிராக நீ ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாய். உனக்கு என்ன கோபம் என்று எனக்குத் தெரியும்.” நாய் அவர் காலடியில் படுத்திருந்தது. உண்ணி இல்லாத, பளபளப்பான நாய். “நீங்கள்தானே சொல்லிக்கொடுத்தீர்கள், தண்ணீர் புளித்தால் கிருமி ஒளிந்துகொள்ளும் என்று” என்றேன். “சுடா” என்றார் அவர். மலாயில், முடிந்தது போ என்று பொருள். நாயைக்கூட அவர் அப்படி விரட்டி நான் பார்த்ததில்லை.

மாலையில் தமிழ் முஸ்லிம் ஒருவரின் மாமாக் கடையில் கொய்னா வாங்கிக்கொண்டு லயத்துக்குப் போனேன். என் மனைவி முன்னாலேயே போய்த் தங்கைக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். கொழுந்தியாள் சுவரில் சாய்ந்திருந்தாள். கன்னம் ஒட்டி, வயிறு மட்டும் தனியாகத் தெரிந்தது. நான் பார்த்ததைச் சொல்லி மாத்திரையை நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

“சீட்டு எங்க அத்தான்?”

“சீட்டு வரும். நான் கண்ணால பார்த்தேன். தின்னு புள்ள.”

“ரெண்டு சீட்டு சுத்தம்னு வந்துருக்கு. சீட்டு தப்பா வராதுன்னு நீங்கதான் சத்தியம் பண்ணீங்க. இப்ப சீட்டு இல்லாம தின்னுங்கிறீங்க. தின்னு, பிள்ளைக்கு ஏதாச்சும் ஆயிட்டா?” அவள் குரலில் கோபம் இல்லை, கெஞ்சல்தான் இருந்தது. “முத்திரை போட்ட சீட்டு ஒண்ணு வாங்கியாந்துருங்க அத்தான். அந்த நிமிஷமே தின்னுடுறேன்.”

அவள் புருஷன் வாசலில் நின்று தலையைச் சொறிந்தார். “டிரஸ்ஸரும் பிள்ளைத்தாய்ச்சிச் சோகைன்னுதான் சொல்றாரு சகலை. நாங்க யாரை நம்புறது?” என் மனைவி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் வெளியே வந்தேன். என் ஆபீசை நம்பு என்று நான்தான் அவளுக்குச் சொல்லியிருந்தேன். என்னைவிட என் ஆபீசை அவள் கெட்டியாக நம்பிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை துரைமார் வந்தார்கள். வாசலில் புது மணல் கொட்டி, பூச்சட்டி வைத்து, எங்களுக்கும் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார்கள். தலைமை வரைபடத்தின் பக்கத்தில் கோலோடு நின்றார். கமிட்டித் தலைவர் ஒரு கிழட்டுத் தோட்டக்காரத் துரை. முப்பது வருஷம் ஆட்களை விரட்டிப் பழகிய தமிழ் பேசுவார். ஒவ்வொரு மேசையாகப் பார்த்துக்கொண்டு வந்தார். என் மைக்ராஸ்கோப்பில் நான் கொழுந்தியாளின் சில்லைப் பொருத்தி, நல்ல வெளிச்சம் விழக் கண்ணாடியைத் திருப்பி வைத்திருந்தேன். இதுதான் எனக்கு இருந்த ஒரே வழி. இவர் ஒரு வார்த்தை கேட்டால் போதும், டாக்டர் குனிந்து பார்த்தே ஆகவேண்டும் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

துரை குனிந்தார். ஒரு கண்ணை மூடினார். வெகுநேரம் பார்த்தார்.

“ரொம்ப அழகு” என்றார்.

“ஐயா, அது மலேரியா. உங்க தோட்டத்துப் பிள்ளைத்தாய்ச்சி ரத்தம். சுத்தம்னு சீட்டுப் போயிருக்கு” என்றேன், எல்லார் காதிலும் விழும்படி.

அவர் டாக்டரைத் திரும்பிப் பார்த்தார். டாக்டர் சிரித்துக்கொண்டே இங்கிலீஷில், “எங்களிடம் எப்போதும் அழுதுவடிகிற ஆள் ஒருவர் உண்டு” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். தலைமை மட்டும் சிரிக்கவில்லை. வரைபடத்தின் கோலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். “நீல நிறமும் சிவப்பும், வெகு அழகு” என்று கிழத்துரை இன்னொரு தடவை சொல்லிவிட்டு, பங்களாவுக்குத் தேநீர் குடிக்கப் போய்விட்டார்.

மறுநாளே எனக்கு மாற்றல். காஹாங் பக்கத்துப் பள்ளங்களில் எண்ணெய் தெளிக்கும் கூட்டத்துக்கு மேற்பார்வை. மைக்ராஸ்கோப்பை விட்டு அட்டைக்கடிக்கு. வேலையை விட்டுவிடலாம் என்று வாய்வரை வந்தது; குடியிருந்த வீடும் ஆபீசுடையது. மனைவியைத் தங்கைக்குத் துணையாக லயத்தில் விட்டுவிட்டுப் போனேன். போகுமுன் என் சில்லைத் தலைமையின் மேசைமேல் வைத்து, “சார், இன்னும் நேரம் இருக்கு” என்றேன். அவர் அதைக் கைக்குட்டையால் மூடினார்.

காஹாங்கில் முதுகில் எண்ணெய்த் தகரத்தைக் கட்டிக்கொண்டு ஆட்கள் ஓடை ஓடையாக இறங்க, பின்னால் நானும் இறங்கினேன். அங்கே இருந்தபோது ஒரு லாரிக்காரரிடம் மனைவி சொல்லியனுப்பினாள். சொன்னது ஒரே வார்த்தை, வாங்க என்று. நான் லயத்துக்கு வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. மாசம் நிறையாமல் பிறந்த பெண் குழந்தை. கொஞ்ச நேரம் மூச்சு இருந்ததாம், அழவில்லையாம். என் சகலை கித்தா மரங்களுக்கு நடுவே குழி வெட்டிவிட்டு வந்து, மண் ஒட்டிய மண்வெட்டியைச் சுவரில் சாத்திக்கொண்டிருந்தார். கொழுந்தியாள் பாயில் கிடந்து குளிரில் பல் அடித்துக்கொண்டிருந்தாள். நான் அவள் தலைமாட்டில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். மனிதர்கள்மேல் அவ்வளவு கோபம் எனக்கு அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

அந்த மாசக் கடைசியில் கொசு ஆபீசில் செம்பு வாலை மறுபடி உறும ஆரம்பித்தது. சாடிகள் ஒவ்வொன்றாகக் கிராணிமார் வீட்டுக் கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தன. ஏன் என்று யாரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. தோட்டம் தோட்டமாக எல்லாருடைய ரத்தத்தையும் புதிதாக எடுத்தார்கள். மோதிரங்கள் திரும்பி வந்தன. சுவரிலிருந்த சிவப்புக் கோடு சுவரை விட்டே வெளியேறும் அளவுக்கு ஏறியது. ஏறியதற்குக் காரணம் எழுதவேண்டுமே, எழுதினார்கள். ஓடைகளில் எண்ணெய் தெளிப்பு சரியாக நடக்கவில்லையாம். மேற்பார்வையாளர் அசட்டையாக இருந்தாராம். அந்த மேற்பார்வையாளர் நான்தான். கையெழுத்துப் போட்டிருந்தவர் டாக்டர். காய்ச்சல் கூடியதை உரிய நேரத்தில் கண்டுபிடித்ததற்காகத் தலைமை உதவியாளரைச் சிங்கப்பூருக்கு மேல்பயிற்சிக்கு அனுப்பினார்கள். போகும் நாளில் அவர் என்னைத் தேடிக் காஹாங்குக்கே வந்தார். “அண்ணே…” என்று தொடங்கினார். நான் ஓடைக்குள் இறங்கிப் போய்விட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை லயத்துக்குப் போனேன். கொழுந்தியாள் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். குடிக்கப் பிள்ளை இல்லாத பால் முந்தானையை நனைத்திருந்தது. அவள் அதை மறைக்கக்கூட இல்லை. மடியில் ஒரு சீட்டும் ஒரு பொட்டலமும் இருந்தன. காலையில் டிரஸ்ஸர் கொடுத்துவிட்டுப் போனாராம். அவளுக்குப் படிக்கத் தெரியாது. சீட்டை என்னிடம் நீட்டினாள்.

“என்ன போட்டுருக்கு அத்தான்?”

“கிருமி உண்டுன்னு போட்டுருக்கு.”

“கையெழுத்து இருக்கா?”

“இருக்கு.”

“முத்திரை?”

“இருக்கும்மா.”

பொட்டலத்தைப் பிரித்து மாத்திரைகளை உள்ளங்கையில் கொட்டிக்கொண்டாள். சின்னப் பிள்ளை உத்தரவு கேட்பதுபோல என் முகத்தையே பார்த்தாள்.

“அப்ப இனிமே தின்னலாம்ல அத்தான்?” என்று கேட்டாள்.